அமுல் பட்டர்: எருமைப்பாலை வைத்தே ஜெயித்தவர்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரெட்டில் தடவிச் சாப்பிட நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பட்டர்களில் என் ஓட்டு இன்னும் அமுலுக்குத்தான். அடைக்குத் தொட்டுக்கொள்ள வேண்டாம், முறுக்கு மாவில் போட வேண்டாம், நெய் உருக்கவே வேண்டாம். டோஸ்ட், பன், பாவ் பாஜி, பனீர் பட்டர் மசாலா, இவற்றுக்கு இதை அடிக்க ஆள் இல்லை. ஏன் என்று விளக்கப் போனால் ருசியோடு மட்டும் நிறுத்த முடியவில்லை. இந்தக் கட்டியின் உப்பு, மஞ்சள் நிறம், விலை எல்லாமே ஒரு பெரிய சண்டையில் உருவானவை, அதைச் சொல்லாமல் இந்தப் பொருளை மதிப்பிடுவது அரைகுறை வேலை. அதனால் விமர்சனம் கொஞ்சம் நீளும்.

பொட்டலத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நான் வாங்குவது 100 கிராம். அட்டைப்பெட்டி, உள்ளே எண்ணெய் ஒட்டாத காகிதம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கத்தி வைத்தால் நேராக வெட்டுப்படாது, ஓரம் சில்லு சில்லாக உடையும். பத்து நிமிடம் வெளியே வைத்தால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். நம்ம ஊர் மே மாதமென்றால் ஐந்து நிமிடமே அதிகம். நன்றாக முறுகிய டோஸ்ட் மேல் ஒரு துண்டு வைத்துவிட்டுக் காத்திருங்கள். அடிப்பக்கம் உருகி பிரெட்டுக்குள் இறங்கும், மேல்பக்கம் இன்னும் கட்டியாகவே நிற்கும், அந்த நிலையில் கடிக்க வேண்டும். முதலில் நாக்கில் தெரிவது உப்பு. அதற்குப் பின்னால்தான் பாலின் கொழுப்பு மெதுவாக வருகிறது. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வாயில் ஒரு கனம் இருக்கும். வீட்டில் தயிர் கடைந்து எடுக்கும் வெண்ணெயில் இந்த ருசி கிடையாது, அதன் ருசி வேறு, அதன் இடமும் வேறு.

பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தால் 100 கிராமுக்குக் கொழுப்பு 80 கிராம், சோடியம் 836 மில்லிகிராம், சக்தி 720 கலோரியை ஒட்டி. சேர்த்திருப்பது உப்பு, அப்புறம் நிறத்துக்கு அனாட்டோ என்ற விதையிலிருந்து எடுத்த இயற்கைச் சாயம், அவ்வளவுதான். வேறு எண்ணெய் எதுவும் கிடையாது. டீக்கடை பன் பட்டர் ஜாமில் பட்டர் என்ற பெயரில் பல இடங்களில் தடவப்படுவது தாவர எண்ணெயில் செய்த மார்ஜரின். அதைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் ஒரு தடவை அதே பன்னில் இதைத் தடவிப் பாருங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும்.

சரி, இந்த உப்பும் மஞ்சளும் எங்கிருந்து வந்தன? அமுலை ஆரம்பித்தவர்கள் விரும்பிச் சேர்த்தவை அல்ல இவை. எதிராளியின் ருசி அது.

எதிராளியின் பெயர் போல்சன். பெஸ்டோன்ஜி எடுல்ஜி தலால் என்ற பார்சிக்காரர் காபிப் பொடியில் ஆரம்பித்து வெண்ணெயில் பெரிய ஆளானவர். குஜராத்தின் கேடா மாவட்டத்தில், ஆனந்த் ஊரில், 1930 வாக்கிலேயே நவீன இயந்திரங்களோடு பால் தொழிற்சாலை வைத்திருந்தார். அந்தக் காலத்து பம்பாயில் பட்டர் என்றாலே போல்சன்தான். 1945-இல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் கொண்டுவர ஒரு திட்டம் போட்டது. ஆனந்திலிருந்து பம்பாய் ரயிலில் 400 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் பால் கெடாமல் வர வேண்டுமென்றால் காய்ச்சிக் குளிரவைக்கும் வசதி வேண்டும், அது போல்சனிடம்தான் இருந்தது, அதனால் கேடா மாவட்டத்தின் பாலைக் கொள்முதல் செய்யும் உரிமையும் போல்சனுக்கே போனது. அரசு நல்ல விலை கொடுத்தது, போல்சனுக்கும் லாபம், இடைத்தரகர்களுக்கும் லாபம், மாடு வைத்திருந்தவனுக்கு மட்டும் எதுவும் ஏறவில்லை. தரகர் வைத்ததுதான் விலை. வேறு யாருக்காவது விற்கலாமென்றால் வழியில்லை, வைத்துக்கொள்ளலாமென்றால் பால் மறுநாள் வரை நிற்காது. நெல்லையாவது மழை வரும்வரை குதிரில் போட்டு வைக்கலாம், பாலை என்ன செய்வது?

விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலிடம் போனார்கள். கூட்டுறவு சங்கம் வையுங்கள், அரசு உங்களிடம் நேரடியாக வாங்க மறுத்தால் போல்சனுக்குப் பால் ஊற்றாதீர்கள், அதனால் நஷ்டம் உங்களுக்குத்தான், தாங்குவீர்களா என்று அவர் கேட்டதாகத்தான் வரலாறு. மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார். 1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்கா என்ற கிராமத்தில் கூட்டம். அப்புறம் பதினைந்து நாள் பால் வேலைநிறுத்தம். பாலைத் தரையில் கொட்டினார்களே தவிர ஒரு சொட்டுகூட பம்பாய்க்கு அனுப்பவில்லை. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ எருமை வைத்திருந்தவர்கள் இவர்கள், பால் காசுதான் அன்றாடக் கைச்செலவு, அதைப் பதினைந்து நாள் விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயமே இல்லை. பம்பாய்த் திட்டம் ஆட்டம் கண்டது. நகரத்திலிருந்து பால் கமிஷனரே நேரில் வந்து பார்த்துவிட்டு விவசாயிகளின் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். அந்த வருடமே டிசம்பர் 14-இல் கேடா மாவட்டக் கூட்டுறவு பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவானது, பின்னால் அமுல் ஆனது இதுதான். தலைவர் திரிபுவன்தாஸ் படேல். ஆரம்பத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள், ஒரு நாளைக்கு 247 லிட்டர் பால்.

247 லிட்டர் என்பது இன்று ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் சமையலறைக்குப் போகிற அளவு. எதிரே நிற்பதோ நாட்டின் மிகப் பெரிய பட்டர் கம்பெனி.

இந்த இடத்தில்தான் வர்கீஸ் குரியன் வருகிறார். கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னை லயோலாவில் இயற்பியல், கிண்டி பொறியியல் கல்லூரியில் இன்ஜினியரிங். அரசு உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்ததும் ஒப்பந்தப்படி அரசு எங்கே போடுகிறதோ அங்கே வேலை பார்க்க வேண்டும், ஆனந்தில் ஓர் அரசு கிரீமரியில், அதாவது பால் பதப்படுத்தும் ஆலையில், போட்டார்கள். 1949 மே 13-இல் வந்து சேர்ந்தார், வந்த நாளிலிருந்து எப்போது கிளம்பலாம் என்றுதான் இருந்தார். பால் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது, குடிக்கவும் மாட்டார், இதை அவரே பல தடவை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சங்கத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி மக்கர் பண்ண, திரிபுவன்தாஸ் உதவி கேட்க, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நின்றவர் ஆயுள் முழுக்க அங்கேயே இருந்துவிட்டார். திரிபுவன்தாஸைப் பற்றி இன்னும் அதிகம் பேசப்பட வேண்டும் என்பது என் கட்சி. குரியனுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. கிராமம் கிராமமாக நடந்துபோய் விவசாயிகளை ஒன்றுசேர்த்ததும், அந்த நம்பிக்கையைக் கடைசிவரை காப்பாற்றியதும் அவர்தான். இன்ஜினியருக்குக் குறுக்கே யாரும் வராமல் பார்த்துக்கொண்டதும் அவரே.

இப்போது எருமைக்கு வருவோம், எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது.

குளிர்காலத்தில் எருமை கோடையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பால் கொடுக்கும். மாட்டிடம் போய் இன்று கொஞ்சம் குறைத்துக் கொடு என்று சொல்ல முடியாது. பம்பாய்க்கோ அந்தக் குளிர்காலப் பால் முழுவதும் தேவைப்படவில்லை. அதிகப்படி பாலை வாங்க ஆளில்லை என்றால் சங்கம் உறுப்பினரிடம் இன்று வராதே என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொன்ன அன்றைக்கே அவர் தரகரிடம் திரும்பிப் போய்விடுவார், சங்கமும் முடிந்தது. ஒரே வழி, அதிகப்படி பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றி வைப்பது.

இதில்தான் சிக்கல். உலகத்தில் அதுவரை பால் பவுடர் என்றால் பசும்பால் பவுடர். நியூசிலாந்தும் ஐரோப்பாவும் அதில் ராஜா. எருமைப்பாலில் கொழுப்பு ஆறு ஏழு சதவீதம், புரதத்தின் தன்மையும் கொஞ்சம் வேறு, அதைத் தெளித்து உலர்த்திப் பவுடராக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். பாலில் கரைகண்டவர்கள் சொன்ன வார்த்தை, எதிர்த்துப் பேச அப்போது இந்தியாவில் யாருக்குத் தைரியம்? குரியனின் மிச்சிகன் நண்பர் ஒருவர் இருந்தார், ஹரிசந்த் மேகா தலாயா, பால் தொழில்நுட்பம் படித்தவர், குரியன்தான் அவரை ஆனந்துக்கு இழுத்து வந்தது. தலாயா பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன் ஒன்றையும் காற்றைச் சூடாக்கும் கருவி ஒன்றையும் சேர்த்துக் கட்டி, எருமைப்பாலைப் பீய்ச்சி, பவுடராக விழ வைத்துக் காட்டினார். அதை நம்பித்தான் பெரிய ஆலை வந்தது. யூனிசெஃப் இயந்திரம் கொடுத்தது, நியூசிலாந்து அரசு கொழும்புத் திட்டத்தின் கீழ் பண உதவி செய்தது. 1955 அக்டோபர் 31, சர்தார் படேலின் பிறந்தநாளில், நேரு வந்து திறந்து வைத்தார். எருமைப்பாலைப் பவுடராக்கும் உலகின் முதல் ஆலை.

அப்புறம் அந்த எருமைப்பாலே அவர்களுக்குப் பலமாகிவிட்டது. கொழுப்பு அதிகம் என்றால் அதே ஒரு லிட்டரிலிருந்து அதிக வெண்ணெய் வரும். கொழுப்பை அளந்து காசு கொடுக்கும் முறை வந்ததும் எருமை வைத்திருந்த ஏழைக்கு நல்ல விலை கிடைத்தது, பாலில் தண்ணீர் கலப்பதும் அர்த்தமில்லாமல் போனது. மைசூரில் இருக்கும் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையமான சிஎஃப்டிஆர்ஐ விஞ்ஞானிகள் எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுக்க, வெளிநாட்டு டப்பாக்கள் மட்டுமே ஆண்டுகொண்டிருந்த அலமாரியில் அமுல் டப்பாவும் ஏறியது. சீஸும் அப்படித்தான் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பசும்பாலில்தான் எல்லாம் தெரியும், அப்போது இந்த நாட்டில் கறந்த பாலில் பெரும்பங்கு எருமையுடையது. வேறு பால் கையில் இல்லாததால்தான் இவர்கள் எருமைப்பாலோடு அவ்வளவு மல்லுக்கட்டினார்கள். நல்ல பசும்பால் தாராளமாகக் கிடைத்திருந்தால் நியூசிலாந்துக்காரர்களின் முறையைக் காப்பியடித்து, அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் இடத்திலோ மூன்றாம் இடத்திலோ நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பட்டரில் மட்டும் கதை மாறியது. ஐம்பதுகளின் நடுவில் அமுல் என்ற பெயரில் வெண்ணெய் வந்தபோது அது அன்றன்றைய புதுப் பாலின் கிரீமில் செய்தது. சுத்தமானது, வெள்ளையானது, மென்மையானது. பம்பாய்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. போல்சன் கிரீமைப் புளிக்கவிட்டுச் செய்வது, உப்பைத் தாராளமாகப் போடுவது, நிறமும் நல்ல மஞ்சள். தலைமுறையாக அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் புது வெண்ணெய் சப்பென்று இருந்தது. பசு தின்னும் புல்லில் இருக்கும் பீட்டா கரோட்டின் அதன் பால் கொழுப்பில் அப்படியே வந்துவிடும், அதனால் பசு வெண்ணெய் மஞ்சள். எருமை அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுகிறது, அதனால் எருமை வெண்ணெய் வெள்ளை. வெள்ளை பட்டரை பட்டர் என்றே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பொருள்தான் தரமானது என்று வாதாடிக்கொண்டிருக்க நேரமில்லை, கிராமத்தில் பால் தினமும் இரண்டு வேளை வந்துகொண்டே இருக்கிறது. உப்புப் போட்டார்கள், நிறம் சேர்த்தார்கள். பவுடர் விஷயத்தில் நிபுணர் சொல்லை மீறியவர்கள், பட்டர் விஷயத்தில் வாங்குகிறவரின் நாக்குக்கு வளைந்துகொடுத்தார்கள். இரண்டையும் செய்யத் தெரிந்ததுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம் என்பேன். இன்றைக்கு நமக்கு அமுல் ருசி என்று தெரிகிற அந்த உப்பும் நிறமும் போல்சன் பழக்கிவிட்டுப் போனவை.

1966-இல் விளம்பரப் பொறுப்பு சில்வெஸ்டர் டகுன்ஹா கையில் வந்தது. யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் அமுல் சிறுமியை வரைந்தார், நீல முடி, புள்ளி போட்ட கவுன். போல்சன் விளம்பரத்திலும் ஒரு பட்டர் சிறுமி உண்டு, அதற்குப் பதிலாக வந்தவள்தான் இவள். பத்திரிகைகளில் வாராவாரம் பெரிய விளம்பரம் கொடுக்கிற அளவுக்குப் பணமில்லை, அதனால் தெருவோர ஹோர்டிங். ஹோர்டிங்கில் ஒரு வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் ஊரில் அந்த வாரம் நடக்கிற விஷயத்தை வைத்து ஒரே வரியில் ஒரு சிரிப்பு. அறுபது வருடமாக அதே சிறுமி, அதே ஒரு வரி. பட்ஜெட் தாராளமாக இருந்திருந்தால் இப்படி ஒன்று வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். போல்சன் என்ற பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

விலைக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில் பட்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது 100 கிராம் 62 ரூபாயிலிருந்து 58 ரூபாயானது, 500 கிராம் 305-லிருந்து 285. இறக்குமதி பட்டரின் விலையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். வாடிக்கையாளர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 80 பைசாவுக்குக் குறையாமல் பால் ஊற்றியவருக்குப் போகிறது என்று அமுல் சொல்கிறது. பட்டர் வாங்கும்போது அந்த எண்ணம் மனதில் ஓடுவதை நான் மறைக்கப் போவதில்லை. லாபத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுக்க வேண்டிய கம்பெனியால் இந்த விலையில் இந்தக் கணக்கைப் போட முடியாது. சங்கத்துக்கு முதலாளி கிடையாது என்பது ஒரு காலத்தில் பலவீனமாகத் தெரிந்திருக்கும், வங்கியில் கடன் கேட்டுப் போனால் யாரை நம்பிக் கொடுப்பது என்று கேட்டிருப்பார்கள். விலைப்போட்டி என்று வந்தபோது அதுதான் கைகொடுத்தது. 1996-இல் அமுல் ஐஸ்கிரீமில் இறங்கியபோதும் இதே கதைதான், எதிரே இருந்தது இந்துஸ்தான் லீவர், விலையை வைத்தே அடித்தார்கள்.

குறைகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினமும் தடவிக்கொண்டிருக்கும் பொருள் இல்லை இது. உருக்கி நெய்யாக்கப் பார்த்தால் படபடவென்று தெறிக்கும், அடியில் உப்பு வெள்ளையாகத் தங்கும், மேலே தெளிந்த நெய்யிலும் கரிப்பு போகாது. கேக் செய்பவர்கள் இதையே பயன்படுத்தினால் செய்முறையில் இருக்கும் உப்பை முழுக்க விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அமுலே விற்கும் உப்பில்லாத வகையை வாங்குங்கள். பனீர் பட்டர் மசாலாவில் கடைசியில் போடுவதாக இருந்தால் கிரேவியில் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும். அடைக்கும் வெல்லத்துக்கும் நடுவில் இது வந்தால் மூன்றும் கெடும், அங்கே வெள்ளை வெண்ணெய்தான். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு ஆர்டர் போடுங்கள். வழியில் இளகி மறுபடி ஃபிரிட்ஜில் இறுகிய கட்டி பழைய வழவழப்புக்கு வராது, வெட்டும்போதே மணல் மாதிரி உதிரும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் நான் மேலே எழுதியதற்கெல்லாம் துரோகம் செய்த மாதிரி ஆகிவிடும். அமுல் இப்போது சின்ன ஆள் இல்லை. 2023-24-இல் அமுல் பொருள்களை விற்கும் குஜராத் கூட்டமைப்பின் விற்றுமுதல் 59,445 கோடி ரூபாய், உறுப்பினர்கள் 36 லட்சம் பேர். அந்த 36 லட்சம் பேரில் பெரும்பாலோர் இன்னமும் ஓரிரு மாடு வைத்திருப்பவர்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து நிற்கும் அந்த உருவம் இன்று பக்கத்து மாநிலத்துச் சங்கத்துக்கு எதிரே வந்து நின்றால், அங்கே போல்சன் இடத்தில் நிற்பது யார்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2023 ஏப்ரலில் பெங்களூரில் பால் விற்க அமுல் முன்வந்தபோது தன் கூட்டுறவுப் பாலான நந்தினிக்காகக் கர்நாடகம் கொதித்தது. அடுத்த மாதமே நம் பக்கம். கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் நிலையம் வைத்து, கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் சுய உதவிக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூலம் பால் வாங்க அமுல் இறங்கியது. மே 25-ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு கூட்டுறவின் பால் வட்டாரத்துக்குள் இன்னொரு கூட்டுறவு நுழைவதில்லை என்பது இத்தனை நாள் இருந்த மரபு, அதை மீறுவது வெண்மைப் புரட்சியின் நோக்கத்துக்கே எதிரானது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். ஆவின் ஆனந்த் மாதிரியைப் பார்த்துக் கட்டப்பட்டது: கிராமத்தில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மேலே 1981-இல் பதிவான மாநிலக் கூட்டமைப்பு. அதாவது குரியன் நாடு முழுக்க விதைத்ததில் முளைத்தவற்றில் ஒன்று. அண்ணன், தம்பியின் தோட்டத்துக்குள் வந்து காய் பறிப்பது நியாயம் இல்லை.

அதே நேரம் ஆவினையும் கேட்டாக வேண்டும். அமுல் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் நம் விவசாயி அங்கே போவதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? 1946-இல் கேடாவில் நடந்ததும் அதேதான், நியாயமான விலை எங்கே கிடைக்கிறதோ அங்கே பால் போகும். பால் காசு தாமதம், விலை போதவில்லை என்று தமிழ்நாட்டில் பாலைத் தரையில் கொட்டிப் போராடிய படங்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? கடிதம் எழுதினால் குளிரூட்டும் நிலையம் நின்றுபோகலாம், கறவை மாட்டுக்காரரை அது கட்டிவைக்காது. அந்தக் கடிதத்தின் கணக்குப்படியே ஆவினுக்கு தினமும் 35 லட்சம் லிட்டர் பால், நாலரை லட்சம் உறுப்பினர்கள். 247 லிட்டரில் ஆரம்பித்தவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய சொத்து. சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் காலை பால் கொண்டுபோய்ச் சேர்க்க ஆனந்த்காரர்கள் பட்ட தூரக் கஷ்டமும் இல்லை, எல்லாம் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

ஆவின் பட்டரையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். சமையலுக்கு விற்கும் உப்பில்லாத வெண்ணெய் அருமை, இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். உருக்கினால் வரும் மணம் வீட்டு நெய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, முறுக்கும் தட்டையும் வாயில் வைத்ததும் கரைகின்றன, அடைக்கும் பொருத்தம். உப்புப் போட்ட டேபிள் பட்டரும் மோசமில்லை, அமுலைவிட உப்புக் கொஞ்சம் அடக்கமாகத் தெரிந்தது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. பிரச்சினை, அது கையில் கிடைக்க வேண்டும். அமுல் எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையின் சின்ன ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. ஆவின் டேபிள் பட்டருக்குப் பாலகம் தேடிப் போக வேண்டும், போனாலும் நிச்சயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாக்கெட்டும் வாங்குகிறவர் கண்ணில் படுகிற மாதிரி இல்லை. ருசியில் தோற்றால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். அலமாரியில் இல்லாமலே தோற்பது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டேன், ஆவின் வைக்கலாமே என்று. கேட்டு வாங்குகிறவர்கள் வந்தால் வைக்கிறேன் தம்பி என்றார்.

ஆக, வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. டோஸ்டுக்கும் பாவ் பாஜிக்கும் அமுல் உப்பு பட்டர், 100 கிராம் பொட்டலமாக, தேவைக்கு மட்டும். 500 கிராம் வாங்கினால் விலை லேசாகக் குறைகிறது என்றாலும் பிரித்த கட்டி ஃபிரிட்ஜில் மற்ற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும், வெங்காயம் நறுக்கி வைத்திருந்தால் போச்சு. பலகாரத்துக்கும் நெய்க்கும் ஆவின் சமையல் வெண்ணெய், தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் பாலகங்களில் கூட்டம் தாங்காது. ஆவின் டேபிள் பட்டர் உங்கள் பக்கத்துக் கடையில் இல்லையென்றால் ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள்.